ஆனையிறவைக் கடக்கும் பிள்ளைகள்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி, மாவட்டத்துக்கென வகுக்கப்பட்ட வெட்டுப்புள்ளியைத் தம் பிள்ளை தாண்டிவிட்டது என்ற செய்தி வந்து, அயலவர் கூடி வாழ்த்தி, பாடசாலை வாசலில் பிள்ளையின் படத்தோடு பதாகையும் கட்டப்பட்ட பின்னர், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவின் வட பகுதியிலும் உள்ள எத்தனையோ வீடுகளில் ஆனந்தம் ஒருவாறு அடங்கி, அதன் இடத்தில் ஒரு கவலை வந்து அமர்கிறது. இரண்டு வினாத்தாள்களையும் எழுதி முடித்த பத்து வயதுப் பிள்ளை தன் காரியம் முடிந்தது என்ற நிம்மதியில் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்க, பெற்றோருக்கு அப்பொழுதுதான் பரீட்சை தொடங்குகிறது. ஊர்ப் பாடசாலையிலோ பட்டினத்துப் பாடசாலையிலோ ஆறாந் தரத்தில் சேர்த்துவிடுவதா, அன்றி ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரியொன்றுக்கு அனுப்புவதா?

இந்தத் தீர்மானத்தின் கனத்தை உணர வேண்டுமாயின் முறையைச் சிறிது அறிந்திருத்தல் அவசியம். மொத்தம் 200 புள்ளிகளுக்கு நடக்கும் இப்பரீட்சையில் மாவட்ட வெட்டுப்புள்ளி என்பது வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்தம் ஒரு சிறு உதவித்தொகைக்குத் தகுதி தருவது. பிரபல பாடசாலைகளில் ஆறாந் தரத்துக்கு இடம் பெறுவதற்கோ, பாடசாலைக்குப் பாடசாலை வேறுபட்ட, பெரும்பாலும் அதனினும் உயர்ந்த வெட்டுப்புள்ளிகள் அறிவிக்கப்படுகின்றன. விரும்பிய பாடசாலைகளை முன்னுரிமை ஒழுங்கில் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ஆதலால் சித்தியடைந்த எல்லோர் வீட்டிலும் இந்த விவாதம் எழுவதில்லை. ஒரு வகுப்பில் ஒருவரோ இருவரோ, மிக உயர்ந்த புள்ளி எடுத்த பிள்ளைகளின் வீடுகளிலேயே எழுகிறது. அந்தப் பிள்ளைகளின் போக்கைப் பார்த்தே மற்றப் பெற்றோர் தம் ஊர்ப் பாடசாலையை மதிப்பிடுகின்றார்கள் என்பதால், விவாதம் ஒரு வீட்டோடு நின்றுவிடுவதுமில்லை.

1890 ஆம் ஆண்டிலிருந்து நிலைபெற்றிருக்கும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1838 இல் பருத்தித்துறையில் தொடங்கிய ஹாட்லிக் கல்லூரியும், வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலையும் இந்த வன்னி மாவட்டங்களின் மக்களுக்கு வெறும் பாடசாலைப் பெயர்களல்ல. இரணைமடுவின் நீர் பாயும் வயல்களை நம்பிக் குடியேற்றத் திட்டங்களில் வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களிற் பெரும் பகுதி குடாநாட்டிலிருந்து வந்தவை. 1984 வரையில் கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. உருத்திரபுரத்திலோ வட்டக்கச்சியிலோ வாழும் ஒரு தகப்பனுக்கு யாழ்ப்பாணத்துக் கல்லூரி என்பது அப்பப்பா படித்த இடம், பெரியப்பா கிரிக்கெற் விளையாடிய மைதானம், இன்றைக்கும் சின்னம்மா வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். அங்கே பிள்ளையை அனுப்புவது அவருடைய மனத்துக்குத் திரும்பிப் போவது போன்றதே.

ஆனால் வன்னியில் வாழ்பவர் எல்லோருக்கும் இந்தச் சின்னம்மா இல்லை. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தெற்கில் நடந்த கலவரங்களால் துரத்தப்பட்டு வந்து, தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் மலையாளபுரத்திலும் அவற்றை அடுத்த கிராமங்களிலும் குடியேறிய மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணத்தில் உறவென்று சொல்லிக்கொள்ள எவருமில்லை. ஒரே புள்ளியை எடுத்த இரு பிள்ளைகளுள் ஒன்று பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்கலாம். மற்றதற்கு விடுதியை விட்டால் வேறு கதியில்லை, விடுதியில் இடம் இல்லையென்றால் கல்லூரியும் இல்லை. பரீட்சை எல்லோருக்கும் சமமாகவே புள்ளியிடுகிறது. புள்ளியைப் பயன்படுத்தும் வசதியைக் குடும்பத்தின் பூர்விகம் நிர்ணயித்துவிடுகிறது. இதைப் பற்றி நம்மவர் பேசுவது மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை.

இப்பரீட்சை எதற்காகத் தோன்றியது என்பதையும் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். 1931 தொடக்கம் 1947 வரையில் அரசாங்க சபையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா, இலவசக் கல்வியை 1945 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர். நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகளைக் கிராமப்புறங்களை நோக்கி அமைக்க வழி செய்தவரும் அவரே. அம்பலாங்கொடைப் பகுதியின் கிராமத்துப் பிள்ளையாகிய அவர், காலி றிச்மன்ட் கல்லூரியின் அதிபராக இருந்த டாரல் என்னும் பாதிரியாரின் கண்ணிற் பட்டு, புலமைப்பரிசில் பெற்று அங்கே போய்ப் படித்தவர். தூரத்துப் பாடசாலையால் வாழ்வு பெற்ற அந்த மனிதர், அதிகாரம் கைக்கு வந்தபொழுது, கெட்டிக்காரப் பிள்ளைகளைக் காலிக்கும் கொழும்புக்கும் அழைத்துச் செல்ல வழி தேடுவதோடு நின்றுவிடவில்லை. ஆய்வுகூடமும் நூலகமும் விடுதியும் உள்ள பாடசாலையைக் கிராமத்துக்கு அருகே கொண்டுவந்து, அங்கே வறிய பிள்ளை சேர்வதற்காகவே புலமைப்பரிசிலை ஏற்படுத்தினார். அந்த ஏற்பாட்டின் உயிர் அந்த அருகாமையில் இருந்தது. இன்று அதே பெயர் தாங்கிய பரீட்சை, கிராமத்துப் பாடசாலையிலிருந்து முன்னிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பிரித்தெடுத்து வெளியே அனுப்பும் கருவியாகிவிட்டது. மத்திய கல்லூரி என்ற பெயர்ப்பலகைகள் தர்மபுரத்திலும் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் இன்னும் இருக்கின்றன.

விசுவமடுவில் நான் போய் அமர்ந்திருந்த ஒரு வீட்டில், யாழ்ப்பாணத்து மகளிர் கல்லூரியொன்றுக்குப் போதிய புள்ளி எடுத்த சிறுமியின் விடுதிச் சாமான்கள் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன: இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு நுளம்பு வலை, மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி, எவர்சில்வர் கோப்பை, பூட்டும் திறப்பும். துவாயின் ஓரத்தில் தாய் பிள்ளையின் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். மற்றத் துவாயில் ஊசி குத்தியபடியே நின்றது. தகப்பன் வயல் செய்பவர், வயல் இல்லாத மாதங்களில் மேசன் வேலைக்குப் போகிறவர். அவர் அதிகம் பேசவில்லை. தாய்தான் சொன்னாள்: "நான் முகாமுக்குள்ளை இருந்து சோதினை எழுதினனான். அதுக்கு முதல் ஒரு வருசம் பங்கருக்கும் மரத்துக்கும் கீழைதான் படிப்பு. கணக்குக்கு வாத்தியாரைக் கண்டதே இல்லை. என்ரை பிள்ளைக்கு அப்பிடி ஒரு குறை இருக்கக்கூடாது." மூலையில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பாச்சி நிமிர்ந்து பார்த்தார். "செல்லுக்கை பிள்ளையளைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தனாங்கள். ஒண்டையும் விடேல்லை. இப்ப ஒருத்தரும் துரத்தாமல் நாங்களாக் கொண்டுபோய் விடுறதோ?"

இவ்விருவர் பேச்சிலும் வன்னியின் இந்தத் தலைமுறை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளையின் தாய் தந்தையர், 2009 இல், போரின் இறுதியில், தாங்களே பாடசாலைப் பிள்ளைகளாக இருந்து, கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டுப் படிப்பின் நடு ஆண்டுகளை இழந்தவர்கள். தமக்குக் கிடையாததைப் பிள்ளைக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்ற ஆவேசமும், பிள்ளையைக் கண்ணுக்கு அப்பால் விடக்கூடாது என்ற பயமும் அவர்களிடத்தில் ஒரே அனுபவத்திலிருந்து பிறந்தவை. ஆகவே வெளியிலிருந்து வந்து "பிள்ளையின் முன்னேற்றத்துக்குப் பாசம் தடையாக இருக்கலாகாது" என்று உபதேசம் பண்ணுகிறவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. அந்தப் பாசம் எந்த நெருப்பைக் கடந்து வந்தது என்பதை அவர்கள் அறியார்கள்.

அந்தச் சிறுமியிடமும் கேட்டேன். சிறிது யோசித்து, வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகலாமோ என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். அவளுடைய கணக்கில் தூரம் என்பது கிலோமீற்றர் அல்ல, எத்தனை இரவு என்பதுதான்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில், ஊரிலோ பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய பட்டினத்திலோ கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நிரந்தர ஆசிரியர் உள்ள பாடசாலை ஒன்று இருக்குமாயின், பிள்ளை வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். ஆறாந் தரத்திலிருந்து ஒன்பதாந் தரம் வரையில் படிக்க வேண்டிய பாடம், நல்ல ஆசிரியர் ஒருவர் ஒழுங்காக வந்து படிப்பித்தால், எந்தக் கூரையின் கீழும் படிக்கக்கூடிய பாடமே. அந்த வயதில் பிள்ளை பெற வேண்டிய மற்றவை, தகப்பனோடு வயலுக்குப் போவது, தாயோடு சண்டை பிடிப்பது, இரவில் காய்ச்சல் வந்தால் அம்மம்மா பக்கத்தில் இருப்பது, எந்தப் பெரிய கல்லூரியின் விடுதியிலும் கிடையாதவை. விடுதியில் வளர்ந்து மேன்மையடைந்தவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. அவர்கள் தங்கள் விடுதி வாழ்வை நன்றியோடு நினைவுகூர்வதையும் நான் கேட்டிருக்கிறேன். ஆனால் மேன்மையடையாமல், இரண்டாந் தவணையிலேயே தலையணையில் முகம் புதைத்து அழுது திரும்பி வந்து, திரும்பி வந்ததையே அவமானமாகச் சுமந்த பிள்ளைகள் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை.

விடுதி வேண்டாம், தினமும் போய்வரட்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக 100 கிலோமீற்றருக்கும் மேல். காலை 7.30 க்கு மணி அடிக்கும் பாடசாலைக்குக் கிளிநொச்சிப் பிள்ளை நாலரை மணிக்கே எழும்ப வேண்டும், 1.30 க்கு விட்டபின் ரியூசனும் முடித்து வீடு சேரும்பொழுது இருட்டிவிடும். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தால் ரியூசன் தேவையில்லை என்று நினைத்த பெற்றோர், அங்கே வகுப்பில் எல்லோரும் ரியூசனுக்குப் போவதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள். இன்னும் சில குடும்பங்களில் தாய் பிள்ளையோடு யாழ்ப்பாணத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொள்ள, தகப்பன் வயலோடும் மாட்டோடும் தனியே சமைத்துச் சாப்பிடுகிறார். படிப்பின் செலவு என்று எவரும் எழுதிவைக்காத செலவு அது.

ஏ-9 வீதியில் விடியற் புறத்தில் பிரயாணம் செய்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வெள்ளைச் சீருடையோடும் தூக்கம் கலையாத முகத்தோடும் வன்னிப் பிள்ளைகள் வடக்கு நோக்கிப் போகிறார்கள். அதே வேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட ஆசிரியர்கள், கைப்பையும் சோற்றுப் பெட்டியுமாகத் தெற்கு நோக்கி வன்னிப் பாடசாலைகளுக்கு வருகிறார்கள். ஆனையிறவில் இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று கடக்கின்றன. படிக்க வேண்டிய பிள்ளை ஒரு திசையிலும், படிப்பிக்க வேண்டிய ஆசிரியர் எதிர்த் திசையிலும் தினந்தினம் இத்தனை தூரம் களைத்துப்போவதற்கு இயற்கையின் விதி எதுவும் காரணமல்ல. ஆசிரியருக்குப் பாடசாலைக்கு அருகே குடியிருக்க நல்ல வீடு இல்லை. அவருடைய பிள்ளையைப் படிப்பிக்க நம்பிக்கையான பாடசாலை அவ்விடத்தில் இருப்பதாக அவரே நம்புவதில்லை. கட்டாய வெளிமாவட்டச் சேவைக் காலம் முடிந்த நாளே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. அவரும் ஒரு தகப்பன், ஒரு தாய்.

பதினாறு வயது வேறு விஷயம். சாதாரண தரம் முடித்து, உயர்தரத்தில் உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு, ஆய்வுகூடமும் அனுபவமுள்ள ஆசிரியரும் அயலில் இல்லையென்றால், போகத்தான் வேண்டும்; அந்த வயதில் பிள்ளைக்குத் தன் சட்டையைத் தோய்க்கவும் தன் துக்கத்தைச் சொல்லவும் தெரிந்திருக்கும். ஆனால் இங்கே பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கலைத்துறை ஒழிந்த ஏனைய துறைகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமையின் அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் உள்ளவை. ஒரு பரீட்சார்த்தி எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை நிர்ணயிக்கையில், உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவர் எங்கே படித்தார் என்பது ஆராயப்படுகிறது. எனவே பிள்ளை யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்றால் ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் பெறுவதோடு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்து ஒதுக்கீட்டுக்குள் நின்று போட்டியிடவும் நேரலாம். அங்கே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வேண்டிய இசட் புள்ளி எவ்வளவு, இங்கே எவ்வளவு என்பதைக் கடந்த ஆண்டுகளின் அறிவித்தல்களில் பார்த்து ஒப்பிட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

1974 இல் இந்த மாவட்ட முறை முதன்முதலாகப் புகுத்தப்பட்டபொழுது யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு ஏற்பட்ட நஷ்டமும் மனக்கசப்பும் பின்னர் என்னவாக விளைந்தன என்பதை நமது சரித்திரம் அறியும். அதே முறை அன்று வவுனியாவுக்கும் மன்னாருக்கும் ஒரு வாயிலைத் திறந்தது என்பதும் உண்மை. ஒரே தமிழினத்துக்குள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையிலே இருந்த கல்வியின் ஏற்றத்தாழ்வை நாம் வாய்விட்டுப் பேசக் கூசியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தின் துயரத்தைச் சொல்லும்பொழுது வன்னியின் வறுமை மறைந்துபோகக் கூடாது. இரண்டையும் ஒருங்கே சொல்ல நமக்குத் தெரிய வேண்டும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளை வெளியே அனுப்பினால் ஊர்ப் பாடசாலை என்னவாகும் என்று கேட்கும் அதிபர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. வகுப்பில் முன்னிற்கும் இரண்டு பிள்ளைகள் போய்விட்டால் மற்றவர்கள் எதை எட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். போனவர்களின் பெற்றோர்தான் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவர்கள், அவர்களும் போய்விடுகிறார்கள். பிறகு மாணவர் தொகை குறைந்தது என்று ஆசிரியர் குறைக்கப்படுகிறார். ஆசிரியர் குறைந்தார் என்று இன்னும் நாலு பிள்ளைகள் விடுகைப் பத்திரம் கேட்கிறார்கள். இவையெல்லாம் மெய். ஆயினும் ஒரு பாடசாலையைக் காப்பாற்றும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாகாது. "நீ போனால் ஊர் கெட்டுவிடும்" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதும், "நீ போகாவிட்டால் உன் எதிர்காலம் கெட்டுவிடும்" என்று சொல்வதும் ஒரே கொடுமையின் இரு முகங்கள். ஊருக்குச் செய்ய வேண்டியது பெரியவர்களின் கடன்.

அந்தக் கடனைச் செய்ய முடியும் என்பதற்கு வன்னியிலேயே அத்தாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் தொழினுட்ப பீடமும் இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றன. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் பொறியியல் படிக்க அங்கே வந்து தங்குகிறார்கள். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பொறியியற் பேராசிரியர் கிளிநொச்சிக்கு வரலாம் என்றால், ஏழாந் தரத்துக் கணித ஆசிரியர் விசுவமடுவுக்கு வந்து தங்க ஏன் முடியாது? பேராசிரியருக்குக் குடியிருப்பு கட்டத் தோன்றிய அரசாங்கத்துக்கு ஆசிரியருக்குக் குடியிருப்பு கட்டத் தோன்றவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை.

1951 இல் முள்ளியவளையில் வித்தியானந்தாக் கல்லூரியைத் தொடக்கியவர்கள், தங்கள் பிள்ளைகள் கடல் நீரேரியைக் கடந்து போகாமலே உயர் படிப்புப் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு இருந்ததைவிட நமக்கு வசதிகள் அதிகம்: 2014 இலிருந்து யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடுகிறது, வீதிகள் திருந்தியிருக்கின்றன, வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்கள் கேட்டால் கொடுக்கிறார்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் வரவேற்பு வளைவாகவும் மேடையாகவும் முடிகிறது. அந்தப் பணத்தில் பாதியாவது ஆசிரியர் விடுதிக்கும், தூரக் கிராமத்துப் பெண்பிள்ளைகள் வார நாட்களில் தங்கி வெள்ளிக்கிழமை வீடு திரும்பக்கூடிய சிறிய மாணவர் விடுதிகளுக்கும் போகுமாயின், கிளிநொச்சி, முள்ளியவளை, மல்லாவி, வவுனியா என்னும் நான்கு இடங்களில் மட்டும் தொடங்கினாலும், அந்தத் தாய் கேட்கும் கணக்கு வாத்தியாரும் அப்பாச்சி கேட்கும் அருகாமையும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

விசுவமடுச் சிறுமி இந்த ஆண்டு யாழ்ப்பாணம் போகவில்லை. தகப்பன் ஊர்ப் பாடசாலைக்குப் போய், ஆறாந் தரத்துக்குக் கணிதம் யார், விஞ்ஞானம் யார், ஆங்கிலம் யார், அவர்கள் எத்தனை ஆண்டு நிற்பார்கள் என்று அதிபரிடம் நேரே கேட்டிருக்கிறார். இருவர் நிற்பார்கள், ஆங்கிலத்துக்குத்தான் ஆள் இல்லை என்று அதிபரும் மறைக்காமற் சொல்லியிருக்கிறார். ஆங்கில ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிய கடிதத்தில் பதினேழு பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதில் வரும் வரைக்கும் மாதம் ஒருமுறை போய்க் கேட்பதென்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.